மெக்கில்ராய் மண்டியிட்ட விடியற்காலை: குமரி மாவட்ட கோல்ஃப் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை, சித்திரை முதல் நாள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கனி காண வீடுகள் எழுந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அப்போது இன்னும் ஞாயிறு மாலைதான். அங்கே அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 18ஆவது கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை), கடைசிப் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு ரோரி மெக்கில்ராய் மண்டியிட்டு அழுதார். கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டம் அவருக்கு. அந்த முடிவைப் பார்த்துவிட்டு கோல்ஃபைக் கவனிக்கத் தொடங்கியவர்களுக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ஒரு சிறு குறிப்பு: இங்கே "ஷாட்" என்றால் மட்டையால் ஒருமுறை அடிப்பது. "அடி" என்று வருவதெல்லாம் நீள அளவு. "வெள்ளம்" என்றால் தண்ணீர்.

அன்று என்னதான் நடந்தது? குழி குழியாகச் சொல்லுங்கள்.

மாஸ்டர்ஸ் நான்கு நாள் போட்டி. நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. ஒரு சுற்றுக்கு பார், அதாவது வகுத்து வைத்த ஷாட் கணக்கு, 72. கடைசி நாள் தொடங்கும்போது மெக்கில்ராய் பாருக்கு 12 ஷாட் கீழே, அதாவது 12 அண்டர். பிரைசன் டிஷாம்போ இரண்டு ஷாட் பின்னால். ஜஸ்டின் ரோஸ் ஏழு ஷாட் பின்னால் இருந்ததால் அவரை அந்த நேரத்தில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

முதல் குழியிலேயே மெக்கில்ராய்க்கு டபுள் போகி (பாருக்கு இரண்டு ஷாட் அதிகம்; ஒன்று அதிகமென்றால் போகி). இரண்டு ஷாட் முன்னிலை அங்கேயே கரைந்தது. இரண்டாவது குழியில் டிஷாம்போ முந்தினார். 3, 4 குழிகளில் அடுத்தடுத்து பேர்டி (பாருக்கு ஒரு ஷாட் குறைவு) எடுத்து மெக்கில்ராய் முன்னிலையைத் திரும்பப் பிடித்தார். 9, 10 குழிகளிலும் பேர்டி விழ, 14 அண்டருக்குப் போனார். இனி பயமில்லை என்று பார்த்தவர்களுக்குத் தோன்றிய இடம் அது. அதன்பின் 11இல் போகி, 13இல் டபுள் போகி, 14இல் போகி. நாலே குழியில் நாலு ஷாட் கைவிட்டுப் போனது.

இதற்கிடையே முன்னால் ஆடிக்கொண்டிருந்த ரோஸ் ஒரே சுற்றில் பத்து பேர்டி எடுத்தார். 18ஆவது குழியில் ஏறத்தாழ 20 அடி புட்டை (கிரீனில் பந்தைக் குழிநோக்கி உருட்டும் ஷாட்) போட்டு 66 என்ற கணக்கில், 11 அண்டரில் முடித்தார். மெக்கில்ராய் 15, 17 குழிகளில் பேர்டி எடுத்து 12 அண்டருக்கு ஏறினார். 18இல் பார் எடுத்தால் பட்டம். இரண்டாவது ஷாட் வலப்பக்க மணற்குழியில், அதாவது பங்கரில், விழுந்தது. மணலிலிருந்து எடுத்த பந்து குழிக்கு ஐந்தடிப் பக்கத்தில் நின்றது. அந்தப் புட் தவறியது. அவரும் 11 அண்டர், 73. இருவருக்கும் மொத்தம் 277 ஷாட்.

சமநிலையைத் தீர்க்கும் பிளே-ஆஃபில் அதே 18ஆவது குழி மறுபடியும். ரோஸின் இரண்டாவது ஷாட் குழியிலிருந்து சுமார் 15 அடியில் நின்றது. மெக்கில்ராயின் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான மட்டை) ஷாட் கிரீனில் விழுந்து பின்னால் உருண்டு, குழிக்கு நாலடி பக்கம் வந்து நின்றது. ரோஸ் தவறவிட்டார், மெக்கில்ராய் போட்டார்.

ஒரு போட்டியில் ஜெயித்ததற்கா இப்படி அழுகை? பார்த்தவர்களும் அழுதார்களே?

அழுததன் கணக்கு 2011இலிருந்து ஓடுகிறது. அந்த ஆண்டு மாஸ்டர்ஸ் கடைசி நாளை 21 வயது மெக்கில்ராய் நாலு ஷாட் முன்னிலையோடு தொடங்கினார். 10ஆவது குழியில் ட்ரிபிள் போகி வாங்கி, சுற்றை 80இல் முடித்தார். இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பன் வென்றார். 2012இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 2014இல் தி ஓப்பன், அதே ஆண்டு மறுபடியும் பி.ஜி.ஏ. நான்கு பெரிய போட்டிகளில் பாக்கி இருந்தது மாஸ்டர்ஸ் மட்டும். பிறகு ஏறத்தாழ பதினோரு ஆண்டு ஒரு பெரிய பட்டமும் கிடைக்கவில்லை. 2024 யு.எஸ். ஓப்பனில் பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் கடைசிக் குழிகளில் சின்னச் சின்னப் புட்டுகளைத் தவறவிட்டு, அதே டிஷாம்போவிடம் ஒரு ஷாட்டில் தோற்றார்.

நான்கு பெரிய பட்டங்களையும் வாழ்நாளில் எடுத்து முடிப்பதற்கு "கேரியர் கிராண்ட் ஸ்லாம்" என்று பெயர். ஆண்களில் அதுவரை ஐந்தே பேர்: ஜீன் சாரசன் 1935, பென் ஹோகன் 1953, கேரி பிளேயர் 1965, ஜாக் நிக்லஸ் 1966, டைகர் உட்ஸ் 2000. கால் நூற்றாண்டு கழித்து ஆறாவது ஆளாக மெக்கில்ராய், 35 வயதில்.

2011இல் அவர் 10ஆவது குழியில் மரத்துக்குள் பந்தைத் தேடியதைப் பார்த்தவருக்கு, 2025இல் 14ஆவது குழியில் போகி விழுந்தபோது வயிறு கலங்கியிருக்கும். மைதானத்தில் 18ஆவது கிரீனைச் சுற்றி நின்ற கூட்டம் "ரோரி, ரோரி" என்று முழங்கியதற்கும் அந்தப் பதினாலு வருட நினைவே காரணம். ஒரு நாள் ஆட்டத்துக்கு மட்டும் எழுந்த குரல் அல்ல அது.

13ஆவது குழியில் ஏழு எப்படி வந்தது? மூன்றாவது ஷாட்தானே வெள்ளத்தில் விழுந்தது?

எண்ணிப் பாருங்கள். 13ஆவது குழி பார் 5, 545 கெஜம். ஒன்று, குழியின் தொடக்க இடமான டீயிலிருந்து. இரண்டு, கிரீனை நேரே குறிவைக்காமல் ஓடைக்கு முன்னாலேயே பத்திரமாக நிறுத்தியது. மூன்று, நூறு கெஜத்துக்கும் குறைவான தூரத்திலிருந்து ஒரு வெட்ஜ். அது கிரீனின் வலப்பக்கச் சரிவில் விழுந்து, உருண்டு ஓடைக்குள் போனது. நான்கு, யாரும் அடிக்காத ஷாட்: வெள்ளத்தில் போட்டதற்கான தண்டனை. ஐந்து, ஓடைக்கு வெளியே பந்தைப் போட்டு கிரீனுக்கு ஏற்றியது. ஆறும் ஏழும் புட்.

ஆட்டம் தெரிந்தவர்கள் இந்தக் குழியில் தலையில் கை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாவது ஷாட்டிலேயே கிரீனுக்கு அடித்து வெள்ளத்தில் விழுந்திருந்தால் "துணிந்தான், கிடைக்கவில்லை" என்று மனம் ஆறியிருக்கும். வெள்ளமே வேண்டாம் என்று ஒரு ஷாட்டைச் செலவழித்து ஒதுங்கி நின்றவர், கைக்கெட்டும் தூரத்திலிருந்து அதே வெள்ளத்தில் போட்டார். "லேய் மக்கா, அங்கயா போடுவான்!" என்று வாயில் வந்திருந்தால் அது நியாயமான வருத்தம். அந்தத் தூரத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் கிரீனையே தவறவிடுவது அபூர்வம்.

15ஆவது குழி ஷாட்டுக்கு ஏன் அவ்வளவு கூச்சல்?

பார் 5, 550 கெஜம். கிரீனுக்கு முன்னால் குளம். மெக்கில்ராயின் டீ ஷாட் இடப்பக்கம் போய்விட்டதால், நேர்கோட்டில் மரங்கள் மறித்தன. தூரம் 200 கெஜத்துக்கு மேல். 7 அயர்ன் மட்டையை எடுத்து, பந்தை மரங்களுக்கு வெளியே வலப்பக்கமாகக் கிளப்பி, வானத்திலேயே இடப்பக்கம் வளைத்து, குளத்தைத் தாண்டி, குழிக்கு ஆறடி பக்கத்தில் நிறுத்தினார்.

பந்து வளைவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: அடிக்கும் நேரத்தில் மட்டை முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் சில டிகிரி வித்தியாசம் வைத்தால், பந்து சாய்ந்த அச்சில் சுழலும். மெதுவாகப் பந்து போடும் சுழல் வீச்சாளரின் பந்து காற்றில் விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே இயற்பியல், பல மடங்கு வேகத்தில். வளைவு கொஞ்சம் கூடினால் பந்து கிரீனுக்கு இடப்பக்கம் போயிருக்கும், குறைந்தால் வலப்பக்கம், தூரம் குறைந்தால் குளத்தில்.

அந்த ஈகிள் (பாருக்கு இரண்டு ஷாட் குறைவு) புட்டை அவர் தவறவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அன்று பார்த்தவர்களை இரண்டு நிமிடம்கூட ஒரே மனநிலையில் இருக்க விடவில்லை அந்த ஆட்டம்.

ஐந்தடி புட்டைக் கூடப் போடத் தெரியாதவரா சாம்பியன்?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூன்றடி புட்டை ஏறத்தாழ எப்போதும் போடுவார்கள். ஐந்தடியில் நாலுக்கு மூன்று. எட்டடியில் பாதிக்குப் பாதி. பதினைந்தடியில் நாலுக்கு ஒன்றுகூடத் தேறாது. இருபதடியில் ஏழுக்கு ஒன்று. ஆக, 18ஆவது குழியில் ரோஸ் போட்ட 20 அடி புட் எவ்வளவு பெரிது, மெக்கில்ராய் தவறவிட்டது எந்த அளவுக்குச் சகஜம் என்று இந்த எண்களே சொல்லும். கிரிக்கெட்டில் ஆடுபவர் 30 ரன்னில் அவுட் ஆனால் அதிர்ச்சி அடைய மாட்டோம். ஐந்தடி புட்டும் அந்த ரகம்தான்.

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். நடுத்தரமான ஒரு தேங்காய்ச் சிரட்டையின் வாய் அளவு. பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர், எடை அதிகபட்சம் 45.93 கிராம். பந்து மெதுவாக வந்தால் சிரட்டை வாய் முழுவதும் அதை வாங்கிக்கொள்ளும். வேகமாக வந்தால் ஓரத்தில் பட்டதும் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். எனவே வேகம் கூடக்கூட குழி சிறுத்துக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகஸ்டா கிரீன்கள் சரிவானவை, வழுக்கலானவை. மழை நனைத்த பாசி முற்றத்தில் கோலிக்குண்டு உருட்டினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது அல்லவா, ஏறத்தாழ அப்படி. பயந்து மெதுவாகத் தட்டினால் சரிவு இழுக்கும். இழுப்புக்கு அஞ்சி ஓங்கித் தட்டினால் ஓரத்தில் பட்டு வெளியேறும்.

ஒரே வாரத்தில் நாலு டபுள் போகி வாங்கியும் மாஸ்டர்ஸ் வென்றவர் மெக்கில்ராய் ஒருவர்தான். வியாழக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. தவறே செய்யாதவர் ஜெயிப்பார் என்று நினைத்துக் கோல்ஃப் பார்க்கக் கூடாது.

சமநிலையில் முடிந்தால் எல்லாப் போட்டிகளிலும் ஒரே விதியா?

இல்லை. மாஸ்டர்ஸில் சடன் டெத், ஒரு குழியில் முந்துபவருக்கே பட்டம்: 18ஆவது குழி, தீராவிட்டால் 10ஆவது குழி, பிறகும் மாறி மாறி இவையே. மாஸ்டர்ஸில் சடன் டெத் முதலில் பயன்பட்டது 1979இல். பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் மூன்று குழி ஆடி மொத்தம் பார்ப்பார்கள். தி ஓப்பனிலும் 2019 முதல் மூன்று குழி, அதற்குமுன் நாலு. யு.எஸ். ஓப்பனில் 2018 முதல் இரண்டு குழி. அதற்குமுன் மறுநாள் முழுசாக 18 குழி ஆட வைத்தார்கள்.

ரசிகருக்கு இது ஏன் முக்கியம் என்றால், சடன் டெத்தில் முதல் குழியிலேயே எல்லாம் முடிந்துவிடலாம். "காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன்" என்று எழுந்து போகிற நேரம் அதல்ல.

மைதானத்தில் செல்போனே கிடையாதாமே, 13இல் நிற்பவருக்கு 18இல் நடப்பது எப்படித் தெரியும்?

போட்டி நாட்களில் அகஸ்டாவுக்குள் செல்போன் கொண்டுபோகவே முடியாது. பேச வேண்டும் என்றால் உள்ளே இலவசத் தொலைபேசிகள் உண்டு. ஓடவும் கூடாது. மடக்கு நாற்காலியில் பெயர் எழுதிக் காலையில் ஓரிடத்தில் போட்டுவிட்டுப் போனால், மாலை வரை அது அங்கேயே இருக்கும். யாரும் நகர்த்த மாட்டார்கள்.

செய்தி இரண்டு வழியாக வரும். ஒன்று, பெரிய வெள்ளைப் பலகை. எண்களை உள்ளிருந்து ஆட்கள் கையால் மாற்றுவார்கள். பாருக்குக் கீழே என்றால் சிவப்பு, மேலே என்றால் பச்சை. ஒரு பெயருக்கு எதிரே பழைய எண்ணை உருவி எடுத்ததும் அந்த இடம் ஒரு கணம் காலியாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டம் மூச்சு விடாது. புது எண் உள்ளிருந்து சறுக்கி வந்து நிற்கும்போது "ஆஆ" என்றோ "ஓஓ" என்றோ ஒரு குரல் எழும். பந்து எங்கோ கால் மைலுக்கு அப்பால் கிடக்கும்.

இரண்டாவது வழி, மரங்களுக்கு அப்பாலிருந்து வரும் சத்தம். பேர்டிக்கு வருவது குட்டையான, கூர்மையான ஆரவாரம். ஈகிளுக்கு வருவது அடங்க மறுத்து நீளும். தவறிய புட்டுக்கு வருவது மேலே ஏறத் தொடங்கிப் பாதியில் சரிந்து விழும் முனகல். பழகியவர்கள் சத்தத்தைக் கேட்டே எந்தக் குழி, என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் வர்ணனையாளர் குரலைத் தாண்டிப் பின்னணிச் சத்தத்தைக் கவனியுங்கள். படம் காட்டுவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

ஆடும்போது ஏன் எல்லோரும் சத்தம் போடாமல் நிற்க வேண்டும்? கால்பந்தில் அப்படி இல்லையே?

நின்ற பந்தை, ஒரு நொடியளவில் முடிந்துவிடும் வீச்சில் அடிக்க வேண்டும். தொடர்ச்சியான இரைச்சல் பெரிதாகக் கெடுக்காது. அமைதிக்கு நடுவே திடீரென்று எழும் ஒரு குரல்தான் உடம்பைத் தூக்கிவாரிப் போடும்.

எல்லா இடத்திலும் அகஸ்டா மாதிரி இருக்காது. அரிசோனாவில் நடக்கும் ஃபீனிக்ஸ் ஓப்பனின் 16ஆவது குழியைச் சுற்றி அரங்கம் மாதிரிக் கட்டி, ஆட்டக்காரர் கிரீனைத் தவறவிட்டால் ஊளையிடுவார்கள். அது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விளையாட்டு. 2022இல் சாம் ரைடர் ஒரே ஷாட்டில் குழியில் போட்டபோது பீர் டப்பாக்கள் மழையாக விழுந்தன.

2025 செப்டம்பரில் நியூயார்க்கின் பெத்பேஜ் மைதானத்தில், ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணிகளாக மோதும் ரைடர் கோப்பையில் நடந்தது வேறு. மெக்கில்ராயைக் குறிவைத்து, அடிக்கப் போகும் நேரத்தில் வசைகளை வீசினார்கள். அதை ரசிகர் எதிர்வினை என்று சொல்ல மனம் வரவில்லை. ஐரோப்பா 15-13 என்று வென்றது.

தூத்தூர், குளச்சல் பக்கம் கால்பந்து பார்த்தே வளர்ந்தோம். கோல்ஃப் இழுவையாக இருக்கிறதே?

கால்பந்தில் ஒரே பந்து, எல்லாக் கண்களும் அதன் மேல். கோல்ஃபில் ஒரே நேரத்தில் பல குழிகளில் பல பந்துகள். உலகக் கோப்பைக் குழுப் பிரிவின் கடைசி நாளில் இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதன் கோலுக்காகக் காது கொடுப்பீர்களே, கோல்ஃப் கடைசி இரண்டு மணி நேரமும் அப்படித்தான். அந்தக் கண்ணோட்டத்தோடு உட்கார்ந்தால் இழுவை தெரியாது.

முதல் முறை பார்ப்பவர் மூன்று பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எத்தனை குழி பாக்கி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். 12 அண்டரில் மூன்று குழி பாக்கி இருப்பவரும் 11 அண்டரில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரும் ஏன் ஒரே அளவு பதற்றத்தில் இருக்கிறார்கள் என்பது அப்போது பிடிபடும்.

இரவு முழுதும் விழிக்க முடியாது. எப்போது எழுந்தால் போதும்?

ஏப்ரலில் ஜார்ஜியாவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். 2025இல் கடைசி ஜோடி அங்கே பிற்பகல் 2:30க்குத் தொடங்கியது, நமக்கு நள்ளிரவு 12. இருவர் ஜோடியாக ஆடினால் முதல் ஒன்பது குழிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே இரவு 9 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுந்தால் பின்பாதி முழுவதும் கிடைக்கும். பிளே-ஆஃப் முடிந்தது நம் நேரம் ஐந்து மணிக்குச் சற்று முன்.

புதியவர்கள் ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் தி ஓப்பனில் தொடங்குவது நல்லது. கடைசி ஜோடி நமக்குச் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் தொடங்கும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் முடிந்துவிடும். கடற்கரை மைதானங்கள் என்பதால் காற்றுதான் அங்கே எதிராளி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் பைக் ஓட்டியவருக்கு, பந்து ஏன் குறிவைத்த இடத்தில் விழவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று குருத்தோலை ஞாயிறு, மறுநாள் விஷு. வீட்டில் டிவி போட விடவில்லை. அடுத்த முறை என்ன செய்வது?

மாஸ்டர்ஸ் வழக்கமாக ஏப்ரல் முற்பகுதியில்தான். நம் பண்டிகைகளோடு முட்டிக்கொண்டே இருக்கும். கனி வைக்கும் வீட்டில் முதலில் கனிதான் பார்க்க வேண்டும் என்பார்கள். தூங்காதவர் கண் விழிப்பது எங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். சத்தத்தை அணைத்துவிட்டு வேறு அறையில் கைப்பேசியில் பாருங்கள். புட் தவறும்போது கத்தாமல் இருக்க ஒரு தலையணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உதவும். முடிந்ததும் முகம் கழுவிவிட்டுக் கனி முன் போய் நின்றால் கைநீட்டமும் கிடைக்கும்.

நேரலையில் பார்க்கிறேன், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே முடிவு வந்துவிடுகிறது. ஏன்?

இணைய ஒளிபரப்பு கேபிள், டிஷ் ஒளிபரப்பைவிடப் பல நொடிகள் பின்தங்கும். சில நேரம் அரை நிமிடம் வரை போகும். காரணம், படத்தைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பி, உங்கள் கைப்பேசி சில துண்டுகளைச் சேமித்த பிறகுதான் ஓட்டத் தொடங்குகிறது. ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பு அதற்கும் முன்னால் வந்துவிடும். 2025 பிளே-ஆஃபில் ரோஸ் புட் அடிக்கக் குனிந்தபோது மேலே "மெக்கில்ராய் வெற்றி" என்று ஒரு பட்டை விழுந்திருந்தால், பதினாலு வருடக் காத்திருப்பின் உச்சத்தை அந்த ஒரு பட்டை தின்றுவிடும்.

செய்ய வேண்டியவை: பின்பாதி தொடங்கும் முன் கைப்பேசியில் "தொந்தரவு செய்யாதே" வசதியைப் போடுங்கள். ஸ்கோர் செயலியின் அறிவிப்பைத் தனியாக நிறுத்துங்கள். நடுவில் படம் நின்று மறுபடி ஓடினால் பின்தங்கல் கூடியிருக்கும். திரையில் "லைவ்" என்ற பொத்தானை ஒருமுறை தட்டினால் முன்னால் வந்துவிடும். குழுவில் கேபிள் வைத்திருப்பவர்களிடம், ஒரு நிமிடம் பொறுத்து எழுதுங்கள் என்று முன்பே சொல்லி வையுங்கள். கேட்பார்கள்.

கோடை மழையில் கரண்டு போனால்?

ஏப்ரலில் மலையோரத்தில் இடியோடு மழை வந்தால் டிவியையும் செட்டாப் பாக்ஸையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும். கைப்பேசியை முன்பே முழுசாக சார்ஜ் போட்டு வையுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் வைஃபை பெட்டிக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வாங்கும்முன் வைஃபை பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றுக்கு 9 வோல்ட். சிம் டேட்டாவில் பார்ப்பதாக இருந்தால் நடுத்தரத் தரத்துக்கு மணிக்கு ஒரு ஜி.பி. கணக்கு வையுங்கள். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. திட்டம் பின்பாதிக்கே போதாது.

ரோஸைப் பற்றி யாருமே பேசவில்லையே?

பேச வேண்டும். அப்போது 44 வயது. முதல் நாள் 65 அடித்து முன்னிலை, இரண்டாம் நாளும் முன்னிலை, மூன்றாம் நாள் 75, கடைசி நாள் 66. 2017 மாஸ்டர்ஸிலும் பிளே-ஆஃபில்தான் செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றார். 2013இல் யு.எஸ். ஓப்பனும் 2016இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றவருக்கு, மாஸ்டர்ஸ் சாம்பியனுக்கு அணிவிக்கும் பச்சைக் கோட்டு இரண்டு முறை பிளே-ஆஃபில் தப்பியிருக்கிறது. தோற்ற நிமிடமே மெக்கில்ராயை அணைத்து வாழ்த்தினார். மெக்கில்ராய்க்காக அழுத கண்ணில் ரோஸுக்கும் ஒரு சொட்டு இருந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பதற்றமான முடிவு உண்டா?

1999 தி ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று ஷாட் முன்னிலையோடு வந்தார். டபுள் போகி எடுத்தாலும் பட்டம். டீ ஷாட் வலப்பக்கம் எங்கோ போனது. இரண்டாவது, பார்வையாளர் மாடத்தின் கம்பியில் பட்டு, ஓடைக் கரைக் கல்லில் பட்டு, புதர்ப் புல்லுக்குள் திரும்பி வந்து விழுந்தது. மூன்றாவது ஓடையில். காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிப் பந்தைப் பார்த்தார். பிறகு மனம் மாறி தண்டனை வாங்கினார், நான்கு. ஐந்தாவது பங்கரில். ஆறாவது வெளியே. ஏழாவது புட்டைப் போட்டு பிளே-ஆஃபுக்கு வந்தாரே, அந்தப் புட்டுக்கு எழுந்த ஆரவாரம் அவருடைய ஆட்டத்துக்கான மரியாதை. பிளே-ஆஃபில் வென்றது, அன்று காலை பத்து ஷாட் பின்னால் இருந்த பால் லாரி.

நம் நாட்டவருக்காக இப்படிப் பதறிய நாள் உண்டா?

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக். உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்திலிருந்த அதிதி அசோக் கடைசி நாளின் பெரும்பகுதி பதக்க இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை, இடி மின்னலால் ஆட்டம் நடுவில் நின்றது. கோல்ஃபே பார்க்காதவர்கள்கூட "போகி என்றால் என்ன" என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலை அது. 18ஆவது குழியில் அவருடைய பேர்டி புட் மயிரிழையில் தவறியது. ஒரு ஷாட்டில் பதக்கம் போய் நான்காம் இடம். 17 அண்டரில் நெல்லி கோர்டாவுக்குத் தங்கம், அதிதி 15 அண்டர். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றதால் அந்தக் காலை பலருக்கு மறந்துவிட்டது. மறக்கத் தக்கதல்ல.

பக்கத்தில் எங்காவது நேரில் பார்க்க முடியுமா?

திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானம் கொண்ட பழைய கோல்ஃப் கிளப் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். உறுப்பினர் கிளப் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் உண்டு.

மைதானம் வேண்டாம், அந்த ஐந்தடி புட் எவ்வளவு கடினம் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. சிமெண்ட் தரை வேண்டாம், பந்து நிற்காது. சமதரையில் மயிர் குட்டையான ஒரு கம்பளத்தை விரியுங்கள். இரண்டு தீப்பெட்டிகளை 10.8 செ.மீ. இடைவெளியில் நிமிர்த்தி வையுங்கள். அங்கிருந்து 152 செ.மீ. அளந்து பந்தை வையுங்கள். புட்டர் இல்லாவிட்டால் முகம் தட்டையான எந்தக் கட்டையும் போதும். பந்து தீப்பெட்டியில் உரசாமல் நடுவே போக வேண்டும், தாண்டிய பின் ஒன்றரை அடிக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஓடினால், இடைவெளிக்குள் போயிருந்தாலும் தவறியதாகவே எண்ணுங்கள்.

பந்து கிளம்பும் திசை ஒரு டிகிரி பிசகினால், ஐந்தடி போவதற்குள் 2.7 செ.மீ. விலகிவிடும். இரண்டு டிகிரி என்றால் குழியின் விளிம்பு. பெரும்பாலோர் செய்யும் பிழை, அடித்த கையோடு பந்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவது. தோள் திறந்து, கட்டையின் முகமும் கூடவே திரும்பிவிடும். பந்து போன பிறகும் பந்து இருந்த இடத்தையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருங்கள்.

இருபது முறை அடித்து எண்ணுங்கள். தொழில்முறை ஆட்டக்காரர் பதினைந்து போடுவார், அதுவும் சரிவே இல்லாத உங்கள் கம்பளத்தில் அல்ல, அகஸ்டா மாதிரியான சரிவுகளில்.